ஓசைபடாத வேட்டை: தகடூர் நாட்டு முயலும் துப்பாக்கியும்

தருமபுரி மாவட்டத்தின் வேட்டை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் புலியிலிருந்தே தொடங்குவர். அதற்குக் காரணம் உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி, சவளகிரிக் காடுகளில் திரிந்து, ஆட்கொல்லிகளைச் சுட்ட கதைகளை ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். 1954-இல் முதல் நூல் வெளிவந்தது. அவர் மறைந்த பின்னரும் நூல்கள் வந்தன. இக்காடுகள் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். ஆண்டர்சன் கையில் இருந்தது .405 விட்டமுள்ள வின்செஸ்டர் துப்பாக்கி. அது வெடித்தால் ஒரு பள்ளத்தாக்கே திரும்பிப் பார்க்கும்.

அந்நூல்களைக் கூர்ந்து படிப்போர்க்கு மற்றொரு கூட்டமும் கண்ணில் படும். ஆண்டர்சனுக்குத் தடம் காட்டிய பைரா, ரங்கா போன்றோர் கள்ள வேட்டையாடிகள். அவர்கள் இரவில் நீர்த்துறையோரம் பதுங்கியிருந்தது புகழுக்காக அன்று. மறுநாள் அடுப்பில் ஏற்றுவதற்காக. துரையின் புலி நூலில் ஏறிற்று. இவர்களது முயலும் காடையும் கவுதாரியும் எந்த நூலிலும் ஏறவில்லை. ஏறிய ஒரே ஏடு குற்றப் பதிவேடு. நாம் இக்கட்டுரையில் தேட முயல்வது அந்தச் சிறுவேட்டையின் வரலாற்றை. அதைத் தேடுகையில் எம் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது ஓர் எளிய உண்மை: சிறுவேட்டை என்பது ஓசையை ஒடுக்கும் கலை. இந்நிலத்தில் அக்கலையின் கதை, ஓசை எழுப்ப உரிமை பெற்றவர் யார், ஓசையின்றிச் சுட உரிமை பெற்றவர் யார் என்ற கதையும் ஆகும்.

பழந்தமிழ் நூல்களில் சிறுவேட்டைக்குக் குறையில்லை. ஆனால் சிறுவேட்டைக்கு மதிப்பும் இல்லை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி எனத் துளைத்துச் சென்று புற்றிலிருந்த உடும்பில் தங்கியதாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். அந்த வரிசை யானையில் தொடங்கி உடும்பில் இறங்குகிறது. உடும்பை மட்டும் அடித்திருந்தால் புலவர் வாய் திறந்திருக்கமாட்டார்! தருமபுரிப் பகுதியெங்கும் நடுகற்கள் நிற்கின்றன. புலியோடு பொருது மாண்டவனுக்குப் புலிகுத்திக் கல் உண்டு. பன்றியோடு பொருதவனுக்குப் பன்றிகுத்திக் கல் உண்டு. அண்டையிலுள்ள செங்கம் பகுதியின் எடுத்தனூரில் கள்வரோடு போராடிய நாய்க்கும் கல்லில் இடமும் பெயரும் உண்டு. முயல் பிடிக்கப் போனவனுக்குக் கல் எடுத்தவர் இல்லை.

ஆயினும் அவ்வேட்டை எவ்வாறு நடந்தது என்பதைப் பெரும்பாணாற்றுப்படை துல்லியமாகவே காட்டுகிறது. எயினர் நள்ளிரவில் நீர்நிலை அருகே குழி தோண்டி, அதனுள் ஒடுங்கியிருந்து பன்றியின் வரவை நோக்குவர். அது வாய்க்காத நாளில், பகலில் நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைத்து, வலைகளை வேலி போல் தொடுத்து, முயலை வளைத்துப் பிடிப்பர். முயலின் நெடுஞ்செவியைத் தாமரையின் புறவிதழுக்கு ஒப்பிட்ட புலவர் அதை அருகிருந்து பார்த்தவராகவே இருத்தல் வேண்டும். முயல் அங்கும் இரண்டாம் தரம்தான். பெரியது அகப்படாத நாளின் உணவு. அதே நூலில் பழக்கிய விலங்கைக் கட்டிவைத்துக் காட்டு விலங்கை ஈர்க்கும் உத்திக்குப் 'பார்வை' என்ற சொல் ஆளப்படுகிறது. கூண்டில் வளர்த்த கவுதாரியைப் புதரோரம் வைத்துக் கூவவிட்டு, அதன் குரலுக்கு வரும் காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் பிடிக்கும் முறை அண்மைக்காலம் வரை தமிழ்நாட்டுப் புன்செய்க் காடுகளில் வழக்கில் இருந்தது. சொல் மறைந்தது, செயல் நின்றது.

வலை, கண்ணி, அடார் என்னும் கல்பொறி, கவண், வில், சுங்குத்தான் என்ற ஊதுகுழல் ஆகிய இவை அனைத்திற்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. அவை ஒரு பறவையை வீழ்த்தும்போது அடுத்த பறவை அறிவதில்லை. இதற்கு நேர்மாறானது தினைப்புனக் காவல். அங்கே வேண்டியது ஓசை. தட்டை, குளிர் என்று குறிஞ்சிப்பாட்டு கூறும் கருவிகள் கிளியை ஓட்டுவதற்கானவை. பரண் மீதிருந்து எழுப்பும் கூக்குரலும் அவ்வாறே. கவண் ஒன்றே இரு பக்கமும் நின்றது. கல் எறிந்து வெருட்டவும் செய்யலாம், வீழ்த்தவும் செய்யலாம். காப்பவனுக்கு ஓசை, வேட்டுவனுக்கு அமைதி என்ற இந்தப் பிரிவினையை வாசக அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் வந்த துப்பாக்கி இப்பிரிவினையைக் குழப்பியதே எம் கதையின் நடுப்பகுதி.

நிற்க. துப்பாக்கி இப்பகுதிக்குப் போர்க்கருவியாகவே வந்தது. பாளையக்காரர் படைகளிலும் மைசூர்ப் படைகளிலும் திரித்துப்பாக்கி புழங்கிற்று. பிற்கால நடுகற்கள் சிலவற்றில் வில்லின் இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்டதைக் காணலாம். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் நிலவரி வகுக்க இங்கு வந்தனர். 1799 வரை மன்றோ இப்பகுதியில் பணிபுரிந்தார். படைகள் கலைந்தன. துப்பாக்கிகள் எல்லாம் கலைந்துவிடவில்லை. ஊர்க் கொல்லன் உலைக்குப் போயின. ஔவை தொண்டைமானிடம் தூது சென்றபோது, அதியமானின் படைக்கலங்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதைக் கூறி எள்ளி நகையாடிய பாடல் நாம் அனைவரும் அறிந்ததே. அதே தகடூர் நாட்டுக் கொல்லர் பின்னாளில் செப்பனிட்டவை வேல்முனைகள் அல்ல, குதிரை ஒடிந்த துப்பாக்கிகள்.

'குதிரை' என்ற சொல்லை இங்கு விளக்குவது நன்று. விசையை அழுத்தியதும் விழுந்து தட்டும் உறுப்புக்கு அதுவே பெயர். நீண்ட இரும்புக் குழாய், மரக்கட்டை, குதிரை, விசை, குழாயின் அடியோரமாக வைத்த கண்கட்டை இலாடம் போல் காக்கும் சிறு தகடு ஆகியவற்றோடு, மருந்தையும் ரவையையும் வாய்வழியே இட்டுக் கெட்டிக்கும் கெசக்கோலும் சேர்ந்ததே நாட்டுத் துப்பாக்கி. மருந்து என்பது கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்தது. வெடியுப்பு எடுப்பதையே தொழிலாகக் கொண்ட உப்பிலியர் தமிழ்நாட்டில் இருந்தனர். ஈயம் கிடைத்தால் ஈய ரவை. கிடைக்காத பிற்காலத்தில் மிதிவண்டிச் சக்கரத்தின் பால்ரஸ் குண்டு. ஒரு முறை சுட்டால் மீண்டும் கெட்டிக்க ஒரு நிமிடத்திற்கு அருகில் ஆகும். அதற்குள் காட்டில் உயிருள்ள யாவும் ஓடிவிடும்.

கரிமருந்து எரியும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி திடப்பொருளாகவே எஞ்சுகிறது. வெண்புகை கிளம்புவது அதனால்தான். பேரோசை, புகை, நாற்றம் என்னும் மூன்றும் சேர்ந்து சுட்டவன் நின்ற இடத்தை ஊருக்கே அறிவித்துவிடும். ஓசையை ஒடுக்கிய பரம்பரைக்குக் கிடைத்த கருவி இது! வலையும் நாயும் கைவிடப்படாமல் நீடித்ததற்கு வறுமை மட்டும் காரணமன்று. நாட்டுத் துப்பாக்கி முயலுக்கு உகந்த கருவியே அல்ல. பன்றிக்கும், புனக்காவலுக்குமே அது பொருந்தியது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில், சேலம் மலைகளின் மலையாளி மக்கள் வலையும் துப்பாக்கியும் கொண்டு வேட்டையாடியதைக் குறிக்கிறார். (தருமபுரியில் சித்தேரி, வத்தல்மலை ஆகிய இடங்களில் வாழ்வோர் இம்மக்களே, கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்வது வெளியூரார் வழக்கம்.) வலையும் துப்பாக்கியும் அருகருகே வாழ்ந்தன என்பதே அக்குறிப்பின் சிறப்பு.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு கருவி பிறந்து வளர்ந்தது. முயலையும் காகத்தையும் சுடுவதற்கென்றே சிறுவிட்டத் துப்பாக்கிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து ஆங்கிலேயர் செய்யலாயினர். பிரான்சில் ஃப்ளோபேர் 1845-ஐ ஒட்டி அமைத்த சிறு தோட்டாவும், அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1857-இல் வெளியிட்ட .22 தோட்டாவும், 1887-இல் வந்த .22 லாங் ரைஃபிளும் இவ்வகையின் படிநிலைகள். இறுதியாகச் சொன்னது இன்றும் உலகெங்கும் மிகுதியாகச் சுடப்படும் தோட்டாக்களில் ஒன்று.

இக்கருவி ஏன் அமைதியானது? துப்பாக்கி ஓசைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. குழாய் வாயிலிருந்து அழுத்தம் மிக்க வாயு ஒரேயடியாகச் சீறி வெளிப்படுவது ஒன்று. குண்டு ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரை, மிஞ்சும்போது சாட்டை சொடுக்கினாற்போல் எழும் வெடிப்பு மற்றொன்று. .22-இல் இடும் மருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவு. நீண்ட குழாய்க்குள்ளேயே அது எரிந்து விரிந்து அழுத்தம் தணிகிறது. குண்டையும் ஒலியின் வேகத்திற்குக் கீழேயே நிறுத்திவிட்டால் இரண்டாம் ஓசை எழுவதே இல்லை. காய்ந்த சுள்ளி ஒடிந்தாற்போல் ஒரு சிறு சொடுக்கு, அவ்வளவே. ஐந்நூறு அடிக்கு அப்பால் மேயும் முயல் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேயும். 1909-இல் ஹைரம் பெர்சி மாக்சிம் ஓசையடக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று இங்கிலாந்திலும் பின்லாந்திலும் முயல் சுடுவோர் அதைப் பொருத்திக்கொள்வது இயல்பு. பக்கத்து வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காத பண்பாகவும் அது கருதப்படுகிறது.

இவ்வகைத் துப்பாக்கி மீது பற்றுக் கொண்டோர் உலகெங்கும் உள்ளனர். அப்பற்றின் உட்பொருள் கொலைவெறி அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. பெரும் துப்பாக்கி பிழையைப் பொறுக்கும், சிறியது பொறுக்காது. அருகில் செல்ல வேண்டும், காற்றின் திசை அறிய வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், ஓர் அங்குலப் பிழையும் ஆகாது. குழியில் ஒடுங்கியிருந்த எயினனின் ஒழுக்கம் இதுதான். அவ்வொழுக்கத்திற்கு உகந்த கருவி, அவ்வொழுக்கத்தை ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டிருந்தவன் கைக்கு வரவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைமார் கைக்கும், உரிமம் எளிதில் பெறத்தக்க அதிகாரிகள் கைக்கும் சென்றது.

உரிமம் என்ற சொல்லுக்கு வந்துவிட்டோம். 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கில அரசு இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதை அச்சத்தோடு நோக்கிற்று. லிட்டன் காலத்தில் 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கியது. குடகு மக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காவிரியின் தலைப்பகுதியில் விலக்கு, கீழே ஒகேனக்கல்லில் உரிமம்! 1882-இன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கி வேட்டையை விதிகளுக்கு உட்படுத்தியது. 1912-இன் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலோ முயல், கவுதாரி, காடை, காட்டுக்கோழி, புறா ஆகிய பெயர்களே வந்துவிட்டன. பருவத் தடை விதிக்க அச்சட்டம் வழி செய்தது. சிறுவேட்டை முதன்முதலாக எழுத்தில் ஏறியது கல்லில் அன்று, இத்தகைய அட்டவணைகளில்தான்.

ஆயுதச் சட்டத்தை விடுதலை இயக்கத்தினர் வெறுத்தனர். 1931 கராச்சி மாநாட்டுத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1959-இல் இயற்றி 1962-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் உரிம முறையைக் கைவிடவில்லை. அதன் 13-ஆம் பிரிவைத் தமிழ் படிப்போர் ஒருமுறை பொருள்கோள் நோக்கில் படித்துப் பார்க்க வேண்டும். உழவனுக்கு, மெய்யான பயிர்க்காவலின் பொருட்டு, வாய்வழி மருந்திடும் துப்பாக்கி. .22 துப்பாக்கியும் காற்றுத் துப்பாக்கியும் ஏற்பு பெற்ற சுடுகழகத்தின் உறுப்பினருக்கு, இலக்குப் பயிற்சியின் பொருட்டு. ஓசையையோ ஒளிப்பிழம்பையோ குறைக்கும் துணைக்கருவிகளை 1962-இன் விதிகள் தடை செய்யப்பட்டவற்றின் வகையில் வைத்தன.

சட்டம் வகுத்தோர் ஓசையை எண்ணிப் பார்த்தா இவ்வாறு பங்கிட்டனர்? நாம் அவ்வாறு கூறவில்லை. ஆயினும் விளைவு என்னவோ அவ்வாறே அமைந்தது. காடறிந்தவனுக்கு ஊரைக் கூட்டும் கருவி. அமைதியான கருவி காகித இலக்குக்கு. புனத்தில் தட்டையும் குளிரும் செய்த வேலையைச் செய்வதற்குத்தான் உனக்குத் துப்பாக்கி என்று சட்டம் உழவனிடம் கூறிற்று. அவன் வேட்டுவனும் ஆவான் என்பதைச் சட்டம் அறியாததன்று. அறிந்தே வெடிச்சத்தத்தைக் காவலாக வைத்தாற்போல் இருக்கிறது. மேற்கு வங்கத்து இசாப்பூர்த் தொழிற்சாலையில் அரசே .22 துப்பாக்கிகளைச் செய்து விற்றது. பென்னாகரத்துப் புன்செய்க்காரன் அதை வாங்கக் கனவும் கண்டிருக்கமாட்டான்.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முற்றிலும் ஒழித்தது என்று பலரும் எழுதுகின்றனர். அது முழு உண்மை அன்று. அச்சட்டத்தின் முதல் வடிவில் வேட்டை உரிமங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று சிறுவேட்டை உரிமம். 'சிறுவேட்டை விலங்கு' என்ற வகை, முயல் உள்ளிட்ட சிற்றுயிர்களுக்கெனத் தனி அட்டவணையோடு, ஏட்டில் இருந்தது. 1991-இன் திருத்தமே அவ்வுரிமங்களை நீக்கி வேட்டையை அடியோடு விலக்கியது. பத்தொன்பது ஆண்டுகள் சட்டத்தில் வாழ்ந்த அந்த உரிமம் தகடூர் நாட்டின் முயல் வேட்டுவனுக்கு எப்பயனும் அளிக்கவில்லை. உரிமம் கேட்டு மனு எழுதியவன் அவன் அல்லன். 2022 திருத்தத்திற்குப் பின் இத்தகைய குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். வெடிச்சத்தம் மட்டுமன்று, கண்ணி வைப்பதும் வைக்க முயல்வதும்கூட வேட்டை என்றே சட்டம் பொருள் கொள்கிறது. பொங்கலை ஒட்டிய பாரிவேட்டைக் காலத்தில் வனத்துறையின் எச்சரிக்கை அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருகின்றன.

நரிக்குறவர் மக்களைப் பற்றியும் சில சொற்கள். நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக் காடையும் கொக்கும் சுட்டுத் தெருவில் விற்றுச் செல்லும் அவர்களைக் கண்டே எம் தலைமுறையினர் துப்பாக்கி என்றால் என்ன என்று அறிந்தோம். பறவைக் குரலைத் தம் வாயால் எழுப்பி அழைக்கும் திறம் அவர்களுடையது. வேட்டைத் தடை அவர்களைப் பாசிமணிக்கும் ஊசிக்கும் மாற்றிற்று. பழங்குடிப் பட்டியலில் இடம்பெற அவர்கள் 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. வேட்டையை இழந்து முப்பதாண்டு கழித்து, வேட்டுவர் என்ற அடையாளம் ஏட்டில் வந்து சேர்ந்தது.

தொண்ணூறுகள் இம்மாவட்டக் காடுகளுக்குக் கொடுங்காலம். யானைத் தந்தத்திலும் சந்தனத்திலும் தொடங்கிய வீரப்பனின் கதை 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே முடிந்தது. அக்காலத்தில் மலையூர்களில் துப்பாக்கி வைத்திருந்தவன் எவனும் ஐயத்திற்கு உரியவன் ஆனான். முயலுக்கும் யானைக்கும் உள்ள வேறுபாட்டைக் காக்கி உடை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அரூர் அருகே வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று சந்தனத்தைத் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலைமக்களுக்கு இழைத்த கொடுமை அனைவரும் அறிந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதன் பின்னர் மலையூர் முதியவர் ஒருவரிடம் சென்று, 'பாட்டா, உங்கள் காலத்தில் முயலை எப்படிச் சுட்டீர்கள்?' என்று கேட்டால் அவர் வாய் திறப்பாரா? வாய்மொழி வரலாறு திரட்ட முயலும் மாணவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில் வியப்பில்லை.

காட்டைக் காக்கும் முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2014-இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்குச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் அமைந்தன. அவை இல்லையேல் ஆற்றோரத்து மத்தி மரங்களில் வாழும் சாம்பல் நிற அணிலுக்கு இடமேது? சிறு காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு, அதன் கழுத்து மஞ்சளைக் கண்டு வியந்த சிறுவன்தான் பின்னாளில் பறவையியலாளர் சாலிம் அலி ஆனார். அவர் 1985-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கும் அக்குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக்கினார். வேட்டையிலிருந்து காப்புக்கு அவரால் செல்ல முடிந்தது. அதற்கு அருங்காட்சியகத்தின் கதவு அவருக்குத் திறந்திருந்தது. எம் ஊர் வேட்டுவனுக்குத் திறந்திருந்தது காவல் நிலையக் கதவு.

நற்றிணையில் ஒரு பாடல் (119). தினையைத் தின்னும் பன்றிக்காகப் புனத்தான் கல்பொறி வைக்கிறான். அதில் வந்து விழுவது புலி. இதை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது, பாலக்கோடு பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "இது எங்க ஊர்ல கரண்டு கம்பி கட்டற மாதிரிதானுங்க ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே ஒரு வயலில், பன்றிக்காகக் கட்டிய மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரு குட்டிகள் தப்பித் தாய்மாரின் உடலைச் சுற்றி வந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது.

கல்பொறிக்கும் மின்கம்பிக்கும் ஒற்றுமை ஓசையின்மை. பயிர்க்காவலுக்குச் சட்டம் அனுமதித்த கருவி ஓசையுடையது. அது விலங்கைக் கொல்வதைவிட வெருட்டுவதே மிகுதி. சுட்டவன் விழித்திருந்து, கண்ணால் கண்டு, விசையை அழுத்த வேண்டும். உரிமங்கள் அருகின, மருந்து கிடைப்பது அரிதாயிற்று, இரவு முழுதும் பரணில் விழித்திருக்க வீட்டில் இளைஞர் இல்லை, அவர்கள் ஒசூரிலும் திருப்பூரிலும் இருக்கின்றனர். அந்த இடத்திற்குத்தான் கம்பி வந்தது. கம்பி உறங்குவதில்லை, முயல், பன்றி, யானை, பக்கத்து வயல்காரர் என்று பார்ப்பதும் இல்லை. பழத்தில் மறைத்து வைக்கும் அவுட்டுக்காயாவது வெடிக்கிறது. கம்பியில் அதுவும் இல்லை. வேட்டுவனின் அமைதியில் பொறுமை இருந்தது. இந்த அமைதியில் வேட்டுவனே இல்லை. 2025 சனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என அறிவித்தது. துப்பாக்கி திரும்பி வந்தது, உழவன் கைக்கு அன்று.

சிறுவிட்டத் துப்பாக்கியின் மீதான பற்றோ இன்று முற்றிலும் வேறொரு களத்தில் தழைக்கிறது. 2008-இல் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2024-இல் சுவப்னில் குசாலே ஐம்பது மீட்டர் தொலைவில்.22 கொண்டு வெண்கலம் வென்றார். பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஐம்பது மீட்டர் இலக்கின் நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர், முயலின் கண்ணைவிடச் சிறியது. 4.5 மில்லிமீட்டர் விட்டத்திற்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமும் வேண்டுவதில்லை. மாவட்டத்துப் பிள்ளைகளில் வசதி உள்ளோர் பெங்களூர் சென்று பயில்கின்றனர். மூச்சடக்கி, அசையாது நின்று, ஒரு சிறு சொடுக்கு.

மலையூர்களில் எஞ்சியிருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளின் கடைசிப் பயணமும் இரவில்தான் நிகழ்கிறது. தாமாக முன்வந்து ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று காவல்துறையும் வனத்துறையும் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் அவ்வப்போது அறிவிக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் வழியாகச் சில வருகின்றன. வேறு சில, விடியற்காலையில், ஊர் எல்லையிலோ கோயில் மரத்தடியிலோ, துணியோ கோணியோ சுற்றிக் கிடக்கின்றன. எந்தக் கொல்லன் செய்தான், எத்தனை தலைமுறை கைமாறிற்று, அதில் விழுந்தவை எத்தனை என்பதெல்லாம் எழுதப்படுவதில்லை. கெசக்கோல் உடனிருந்தால் அதையும் எண்ணி, பறிமுதல் பட்டியலில் 'கேட்பாரற்ற நிலையில்' என்று எழுதிக்கொள்கின்றனர்.